பொரியைத் தராசில் வைத்தவள்

அடியே,

இன்று ஆயுத பூஜை. காலையிலேயே கம்பெனிக்குள் பொரி மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். எண்ணெய் வாடையையும் மீறி அந்த வறுத்த வாசனை நம் இன்ஸ்பெக்‌ஷன் மேசை வரைக்கும் வந்தது. உன் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

நீ இந்தப் பக்கத்துக் கெலவரப்பள்ளிக்காரி, வீட்டில் கன்னடம். நான் பிழைக்க வந்த தென்காசிக்காரி. வந்த புதிதில், சாயங்காலம் புரி தின்னலாம் வா என்று நீ கூப்பிட, பூரியும் கிழங்கும் என்று நம்பி மத்திகிரி பஸ் ஸ்டாப் வரை பசியோடு நடந்தேன். நீ என் கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைத் திணித்தாய். உங்கள் பாஷையில் பொரிக்குப் புரி என்று பேராம். அந்தக் கடுப்பில் தொடங்கியதுதான் நம் சிநேகம்.

அலுமினிய வார்ப்புகளை எடை பார்ப்பது நம் வேலை. எடை குறைந்தால் உள்ளே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு பெயின்ட் அடித்து ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். போன வருஷ ஆயுத பூஜையன்று, வார்ப்பு அடுக்கும் அட்டைப்பெட்டியில் பொரியை நிரப்பி நீ தராசில் வைத்தாய். எண் ஏறவே யோசித்தது. இதே மாதிரி, வியாழன் அளவுக்கு உப்பிக்கொண்டு, ஆனால் அதற்கேற்ற எடையே இல்லாத கிரகங்கள் வேறு நட்சத்திரங்களைச் சுற்றுகின்றன என்று ஃபோனில் படித்ததை எல்லோருக்கும் சொன்னாய். நட்சத்திரத்தின் சூட்டில் அந்தக் கிரகத்தின் காற்று எப்போதோ பறந்து போயிருக்க வேண்டுமாம். எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்களே மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்களாம். சூப்பர்வைசர் சிரித்துவிட்டு, நம்மிடம் வந்தால் அதற்கும் ரிஜெக்ட்தான் என்றார்.

“நீங்க ரிஜெக்ட் போட்டா அது சுத்தறத நிறுத்திருமா சார்?” என்று கேட்டாய். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு நீயே இளைத்துப்போனாய். ரத்தத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். நிற்க முடியாதபோதும் வேலைக்கு வந்தாய். கடைசியில் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் எடை பத்தாது என்று உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட் வரைக்கும் நான் கூட வந்தேன்.

“பொரிய எவனாச்சும் தராசுல போட்டு விப்பானா? படியிலதான அளப்பாங்க. இவங்ககிட்ட படி இல்ல, அவ்ளோதான்” என்றாய். ஆடி முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று பூஜை முடிந்ததும் பேச்சு உன் பக்கம் திரும்பியது. “பாவம், இருந்த எடமே தெரியாத புள்ள” என்றார் சூப்பர்வைசர். நல்லவிதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. உன் கிரகங்களை எடை பார்த்தா கண்டுபிடித்தார்கள்? நட்சத்திரத்துக்குக் குறுக்கே அது போகும்போது வெளிச்சம் மங்கியதாம், அதை வைத்துத்தானே? அன்றைக்கு நீ குறுக்கே நின்று கேட்டபோது இவர் முகம் மங்கியதை நான் பார்க்கவில்லையா?

ஒரு அட்டைப்பெட்டியில் பொரியை நிரப்பி உன் தராசில் வைத்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“வெயிட்டே காட்டலையேம்மா, எடுத்துரு” என்றார் சூப்பர்வைசர்.

“தராசு இதுக்கு ஆகாது சார். படியக் கொண்டாங்க” என்றேன்.

யாரும் கொண்டுவரவில்லை. பெட்டியை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பாத்திரக்கடையில் ஒரு படி வாங்கினேன். விஜயதசமி கழிந்து வேலைக்குப் போகும்போது அதை உன் தராசுக்குப் பக்கத்திலேயே வைக்கப்போகிறேன். எடுக்கச் சொல்லட்டும், பார்க்கலாம்.