மரநாய்க்குக் குரல் கொடுத்தவள்

சின்னமனூர் வீட்டில் இப்போது மத்தியானம். அடுப்பில் இன்னும் உலை வைக்கவில்லை. ஆனாலும் பின்னறையில் வெந்த பச்சரிசிச் சோற்றின் வாசனை நிற்கிறது. பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை. ஓட்டுக்கு அடியில் மரநாய் குடியேறினால் இப்படித்தான் மணக்கும் என்று வகுப்பில் பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அது ஒரு சுரப்பியின் வேலை, அவ்வளவுதான். இருந்தும் இந்த வாசனை வரும்போதெல்லாம் செய்வதை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறேன். அதனால்தான் கையில் இருந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

நீயும் நானும் பெரியகுளத்துப் பக்கம் அந்த மகளிர் விடுதிக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்தோம். தங்களை ஜமா என்று சொல்லிக்கொண்ட சீனியர்கள் புதிதாக வந்தவர்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு மிருகத்தின் பெயர் வைத்தார்கள். அந்த மிருகமாக நடந்து கூடத்தைக் கடந்தால்தான் ஜமாவில் இடம். தலைவிக்கு ஆந்தை என்று பெயர். வடுகபட்டிப் பூண்டு வியாபாரியின் மகள்.

"என்ன படிக்க வந்திருக்க?" என்று என்னைக் கேட்டாள்.

"விலங்கியல்."

"அக்கான்னு சொன்னா வாயி வலிக்குமோ? சரி, நீயே சொல்லு. நீ என்ன விலங்கு?"

பக்கத்தில் நின்ற நீதான் பதில் சொன்னாய். "இவ தேவாங்குக்கா. கண்ணாடிக்குள்ள முழிக்கிறதப் பாருங்க."

"ஒன்னையக் கேட்டேனா? நீ என்ன இவளுக்கு வக்கீலா?"

"நான் மரநாய்க்கா. கம்பத்துல எங்க தோட்டத்துத் திராட்சையப் பூரா அதுதான் திங்கும். கூண்டு வச்சாலும் சிக்காது."

ஆந்தை அக்காவே சிரித்துவிட்டாள். அதுவரை நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

ஜமாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒருத்தி இல்லாத நேரத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டால் இன்னொருத்தி குரல் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வார்டனம்மா வராந்தாவில் நின்று வருகை எடுப்பார்கள், ஏட்டைவிட்டுக் கண்ணைத் தூக்காமல். நீ தேனிக்குச் சினிமா பார்க்கப் போன நாட்களில் உனக்காக நான் 'உள்ளேன் அம்மா' சொன்னேன். நடுவில் ஒரு இழுப்பு, கடைசியில் லேசான சலிப்பு, அப்படியே உன் குரல். யாரோடும் அதிகம் பேசாத எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கும்தான்.

இரண்டாம் வருடம் நீ மிருகக் கதைகள் எழுத ஆரம்பித்தாய். காட்டின் நடுவே ஒரு கல்லூரி விடுதி. அங்கே மிருகங்கள் இரண்டு காலில் நடக்கும், மெஸ் சாம்பாரைத் திட்டும், தேர்தலில் அடித்துக்கொள்ளும், புதிதாக வருபவர்களுக்கு மனுசப் பெயர் வைத்துக் கேலி செய்யும். ஏன் மிருகங்கள் என்று கேட்டேன். "மனுசியா எழுதுனா வார்டனம்மா புடிச்சுருவாக. மிருகமா எழுதுனா சிரிச்சுருவாக," என்றாய். நான் திருத்துகிறவள். எந்த மரநாயடி இட்லி தின்னும், முள்ளம்பன்றி எப்படியடி பட்டுச்சேலை கட்டும் என்று ஓரத்தில் எழுதுவேன். "ஒன் கேள்விக்குப் பயந்தே அதுக மறுபடி காட்டுக்குப் போயிரும் போல," என்று சொல்லிவிட்டு எதையும் மாற்றமாட்டாய்.

ஒரு கதை மட்டும் யாரையும் சிரிக்கவைக்கவில்லை. முயலுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குப் போய்விடுகிறது. அன்று சாயங்காலம் அதன் பெயரைக் கூப்பிட்டபோது, பிரிவு தாங்காத ஆமை அதற்காக 'உள்ளேன்' என்று சொல்லிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் முயல் வந்து சேருகிறது. கழுத்தில் மாலை. ஏன் வந்தோம் என்று அதற்கே தெரியவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது, சாப்பிடவில்லை. மறுநாளும் ஆமை குரல் கொடுக்கிறது. முயல் மறுநாளும் வருகிறது, இன்னும் கொஞ்சம் வெளுத்து. பெயருக்கு யாராவது குரல் கொடுத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அந்த விடுதியை விட்டு ஒருவரும் முழுதாகப் போக முடியாது. அதுதான் உன் கதைகளின் சட்டம். படித்துவிட்டு அணில் என்று நாம் கூப்பிடும் பண்ணைப்புரத்துக்காரி அழுதாள். நான் நம்பாதவள். "நல்ல கதை. கடைசிப் பத்தியைக் குறைக்கலாம்," என்றேன்.

பிறகு உனக்குப் போடியில் கல்யாணம், ஏலக்காய்க் கடை. எனக்கு வேலை. எத்தனையோ வருடம் கழித்து, மதுரையில் ஒரு பதிப்பகம் கேட்டதும் அந்தக் கதைகளை நாவலாக்க உட்கார்ந்தோம். சனிக்கிழமைகளில் உன் கடை மாடியில், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே. கீழே இருந்து உன் வீட்டுக்காரர், "என்ன, இன்னைக்கு எந்த மிருகத்துக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்பார். அதற்குமேல் அவர் ஒரு வரியும் படித்ததில்லை. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது நீ படுக்கையில் விழுந்தாய்.

தேனி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். பேசவே சிரமப்பட்ட நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"கடேசி அத்தியாயத்துல ஆந்தை கூப்புடும்ல, அப்ப எனக்காக யாரும் உள்ளேன் சொல்லக் கூடாது. தேவாங்குகூட. சொல்லிப்புட்டேன்."

"கதைதானே. பிறகு பேசுவோம்."

"ஒனக்குக் கதை. திரும்பித் திரும்பி வரப்போறது நான்ல."

அந்த வாரமே போய்விட்டாய்.

போன மாதம் ஆந்தை அக்கா நம் ஜமாவை வடுகபட்டி வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அழுது முடித்தபின் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. பந்தியில் உட்கார்ந்ததும் பழைய பழக்கத்தில் ஆந்தை அக்கா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். அணில். உள்ளேன். முள்ளம்பன்றி. உள்ளேன். அதே வேகத்தில் "மரநாய்" என்றும் சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"உள்ளே...ன் அம்மா."

அதே இழுப்பு. அதே சலிப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏ தேவாங்கு, வெளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்குடி," என்றாள் அணில்.

"அவ சொல்லலடி," என்றாள் ஆந்தை அக்கா மெதுவாக. "நான் அவளத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தா."

டம்ளர் என் உதட்டில்தான் இருந்தது. துக்கத்தில் தொண்டை தன்னிச்சையாகச் செயல்படும், பல வருடப் பழக்கம், இப்படியெல்லாம் நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். இன்றும் அதைத்தான் நம்ப விரும்புகிறேன். அதற்குமேல் யாரும் பெயர் கூப்பிடவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை உன் கடைக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் கல்லாவில் இருந்து எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேல எதுவும் பூந்துருச்சா தங்கச்சி? ஒங்களுக்குத்தான் தெரியும். மத்தியானம் நடக்குற சத்தம் கேக்குது. மாடிப்படி வரைக்கும் வருது. அங்கன நின்னுக்கிருது. எறங்கவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது."

"எலியா இருக்கும்ண்ணே. இல்ல மரநாய். ஏலக்காய் மூட்டை கிடக்குதுல்ல."

"ரெண்டு கால்லயா நடக்கும் அது?"

மாடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவள் நான். ஆனால் அந்தப் படி விளிம்பில் நீ நிற்பதாக, ஏன் நிற்கிறாய் என்று உனக்கே தெரியாமல் நிற்பதாக நினைத்ததும், வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கடையை விட்டு இறங்கிவிட்டேன். நம் கடைசி அத்தியாயத்தை நான் ஏற்கெனவே பலமுறை எழுதிப் பார்த்திருந்தேன். ஆந்தை கூப்பிடும். அடுத்த வரி காலியாக இருப்பதைப் பொறுக்கமுடியாமல் ஒவ்வொரு முறையும் தேவாங்கைப் பேசவைத்திருந்தேன். நீ வேண்டாமென்று சொன்னதை மறந்து அல்ல. நீ இருக்க வேண்டும் என்பதற்காக.

இந்த வியாழக்கிழமை மறுபடி எழுதினேன். விடுதிக் கதவு திறந்திருக்கிறது. மரநாய் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நிற்கிறது. முற்றத்தில் ஆந்தை பெயர்களைக் கூப்பிடுகிறது. உன் பெயர் வருகிறது. தேவாங்கு வாயைத் திறக்கிறது. மரநாய் திரும்பி அதையே பார்க்கிறது. காத்திருக்கிறது. தேவாங்கு வாயை மூடிக்கொள்கிறது. ஆந்தை அடுத்த பெயருக்குப் போகிறது. வாசலைத் தாண்டியதும் மரநாய் முன்னங்கால்களைத் தரையில் ஊன்றுகிறது. நாலு காலில், வாலைத் தாழ்த்தி, புளியமரத்து நிழலுக்குள் போய்விடுகிறது. உன் கதைகளில் முதல்முறையாக விலங்கியல் சரியாக இருந்த இடம் அதுதான்.

பதிப்பகத்தில் இருந்து ஒரு பெண் போனில் பேசினாள். "மேடம், ஆந்தை கூப்புட்டதும் ஒரு வரி விட்டுப்போன மாதிரி இருக்கு. பதில் யாரும் சொல்லலையே?"

"விட்டுப்போகவில்லை. அப்படியே அச்சிடுங்கள்," என்றேன்.

உன் குரல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, யாரோ எங்கிருந்தோ உன் பெயரைக் கூப்பிட்டதுபோலத் தொண்டை தானாக அந்த இழுப்புக்குத் தயாராகிறது. உதட்டை இறுக்கிக்கொள்கிறேன். கூப்பிடுவது யாரென்று திரும்பிப் பார்ப்பதில்லை.