தடையில்லாச் சான்று

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. ஜன்னலை மூடியும் மேசை முழுக்கத் தூசி. பகுதிநேர பிஎச்.டி., சமூகவியல். விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி.

சேர்க்க வேண்டியவை: எம்.ஏ. சான்றிதழ் (இருக்கிறது). ஆய்வுச் சுருக்கம் இரண்டு பக்கம் (முடிந்தது). ஆபீசின் தடையில்லாச் சான்று (இல்லை).

மேனேஜர் அண்ணாச்சியிடம் கேட்டேன். "கப்பல் பேப்பர் டைப் அடிக்கதுக்கு டாக்டர் பட்டம் என்னத்துக்கும்மா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இந்த ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் பதினாறு வருடம். அவர் சிரித்தால் இல்லை என்று பொருள்.

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் வேலை பார்க்கும் கப்பல் நடுக்கடலில், சிக்னல் இல்லை. போன வாரம் இருந்தது.

ஜூன் 11, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல்லூரிக்கு ஓட்டம். கைடு மேடம் நேராகப் பேசுகிறவர். "எங்கிட்ட பார்ட் டைமுக்கு ஒரே இடந்தான் இருக்கு. ஒரு லெக்சரரும் கேட்டிருக்காரு." தலைப்பைப் படித்தார்: கப்பல் ஊழியர் குடும்பங்களில் முடிவெடுப்பவர் யார். "உங்க வீட்டுக்காரரே கப்பல்ல. கண்டிப்பா கேப்பாங்க. பதில் வச்சுக்கோங்க."

ஜூன் 12, வியாழன்

விடாமல் கேட்டதில் சான்று கிடைத்தது. கடைசி வரி: 'இதற்காக விடுப்பு வழங்கப்படாது.' வகுப்பே சனிக்கிழமைதான். இந்த வரியோடு வாங்க மாட்டார்கள். திரும்பவும் போய் அண்ணாச்சி முன்னால் நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை கப்பல் வந்தா ஒருத்தரும் வேலைக்கு வர மாட்டேங்காங்கன்னு சொல்லுவீங்கல்லா. நான் வாரேன். சனிக்கிழமைய விட்டுருங்க."

"எல்லா ஞாயிறுமா?"

"கப்பல் வார எல்லா ஞாயிறும். காலை ஆராதனை முடிஞ்சதும் வந்துருவேன்."

பேனாவால் அந்த வரியை அடிக்கப் போனார். அடித்தல் கூடாது, புதிதாக வேண்டும் என்றேன். புதிதாகக் கிடைத்தது.

ஜூன் 25, புதன்

நேர்காணல். ஐந்து பேர், ஏசி குளிர். மேடம் சொன்னதுபோலவே கேட்டார்கள். "அப்போ உங்களையே ஆராய்ச்சி பண்ணப் போறீங்களா?"

தயார் செய்த பதில் ஆங்கிலத்தில் நான்கு வரி. வாயில் வந்தது வேறு. "எங்க வீட்டுல யாரு முடிவெடுக்கான்னு எனக்கே தெரியல சார். நான் இங்க வந்திருக்கது வீட்டுக்காரவுகளுக்குத் தெரியாது. மத்த வீட்டுலயும் இப்படியான்னு பாக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. நடுவில் இருந்தவர் ஏதோ எழுதிக்கொண்டார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அந்த ஆங்கில நான்கு வரி ஞாபகம் வந்தது.

ஜூன் 28, சனி

அத்தான் போன். கப்பல் ஏதோ துறைமுகத்தில். எல்லாம் சொல்லிவிட்டேன், நேர்காணலில் சொன்னதையும் சேர்த்து.

"அஞ்சு பேருகிட்ட சொல்லியிருக்க. எங்கிட்ட சொல்லல."

"வேண்டாம்பீகன்னு நெனச்சேன்."

"கேட்டாத்தானே வேண்டாம்பேன்."

வைத்துவிட்டார். மகள் பக்கத்தில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்லியிருக்கலாம்மா." புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

மீன் வாங்கப் போகவில்லை. முட்டைக் குழம்பு.

ஜூலை 4, வெள்ளி

பட்டியலில் என் பெயர். மூன்று முறை பார்த்தேன். லெக்சரருக்கு வேறு கைடு கிடைத்துவிட்டாராம். அதுவும் நிம்மதி.

அத்தானுக்கு மெசேஜ். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

முதல் ஞாயிறு வேலை. மரத்தடிகள் ஏற்றி வந்த கப்பல். ஆபீசில் நானும் வாட்ச்மேனும் மட்டும். பதினோரு மணிக்கு அத்தான் போன்.

"படிப்பு எத்தன வருஷம்?"

"அஞ்சு. ஆறும் ஆகலாம்."

போனில் எஞ்சின் இரைச்சல். குரலை உயர்த்தினார்.

"நானும் ஒண்ணு சொல்லல. இதுதான் கடைசிக் கப்பல். டிசம்பர்ல இறங்கிடுதேன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்து ரெண்டு மாசமாச்சு. நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

முதலில் வந்தது கோபம். சந்தோஷம் பிறகுதான், அதுவும் முழுதாக இல்லை. பதினெட்டு வருடமாக நானே பூட்டி நானே திறந்த வீடு.

"எங்கிட்ட கேட்டீகளா?"

அவர் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

"சேந்துக்கோ. சனிக்கிழமை சோறு நான் வடிக்கேன்."

"வடிக்கத் தெரியுமா?"

"குக்கர்ல வைப்பேன்."

ஜூலை 14, திங்கள்

சேர்ந்தாயிற்று. படிவம் நான்கு பக்கம். கணவரின் தொழில் என்று ஒரு கட்டம். பேனாவோடு நின்றேன். பின்னால் இருந்தவர், "மேடம், கொஞ்சம் சீக்கிரம்" என்றார். கப்பல் ஊழியர் என்று எழுதினேன். டிசம்பர் வரை அது பொய்யில்லை.