நாற்பத்தொன்றாம் அறையின் மணி

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

மெமரி கார்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. வழக்கம்போலப் பழைய சாக்ஸுக்குள் சுருட்டி அனுப்பியிருக்கிறாய். தபால்காரர் உறையை முகர்ந்துவிட்டு என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த தடவையாவது துவைத்த சாக்ஸாக அனுப்பு.

இங்கே அவர் நலம். அச்சகத்தில் வேலை அதிகம், காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறார். நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அடுத்த மாதம் பாப்பாவுக்கு மூன்று முடிகிறது. இன்னும் ஒரு வார்த்தை இல்லை. ‘அம்மா’கூட இல்லை. காது டாக்டர் கருவியெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, "காது நல்லா கேக்குது. பேசுவா. நீங்கதான் டென்ஷன் ஆகறீங்க" என்றார். பூங்காவுக்குக் கூட்டிப்போனால் அங்கே ஒருத்தி, "நீங்க வீட்ல அவகிட்ட பேசறதே இல்லையோ என்னவோ" என்கிறாள். பேசிப் பேசி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அண்ணா. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. சுவராவது எதிரொலிக்கும்.

மதியம் பாத்திரம் கழுவிய பிறகு ஒரு மணி நேரம் டிவியில் நம் விடுதி ஆட்டம்தான் எனக்கு மூச்சு விடும் இடம். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். என் கன்ட்ரோலரைப் பிடுங்குகிறாள் என்று பழைய சாமான் கடையில் இன்னொன்று வாங்கி, அதையும் கேம் பெட்டியில் மாட்டி அவள் கையில் கொடுத்திருக்கிறேன். ஒருவர் மட்டுமே ஆடும் ஆட்டம் என்று அவளுக்கா தெரியும்? அவள் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருப்பாள். அவர் ஒருநாள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்: "நம்ம வீட்டுக் கட்டில்ல பெட்ஷீட் மாத்தி ரெண்டு வாரம் ஆச்சு. அங்க போய் நாப்பத்தெட்டு ரூமுக்கு மாத்திக்கிட்டு இருக்க!"

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? யாருமே வராத விடுதி, அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் நாம். ஜன்னல் திறக்க வேண்டும், விரிப்பு மாற்ற வேண்டும், ஜன்னல் சாத்த வேண்டும். சுட வேண்டாம், ஓட வேண்டாம், தோற்கவும் முடியாது. சேமித்ததை நகலெடுக்க விடாத ஆட்டம் என்பதால்தானே, நீ வேலைக்குப் போன நாள் முதல் ஒரே கார்டு நம் இருவருக்கும் நடுவே தபாலில் அலைகிறது! பதினாறு வருடத்தில் நாம் சேர்ந்து வளர்த்தது இது ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மணி அடித்தது.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் நாற்பத்தெட்டுக் குட்டி விளக்குகள் உள்ள பலகை இருக்கிறதே, சும்மா அலங்காரம் என்று நினைத்தோமே, அதில் நாற்பத்தொன்று எரிந்தது. மாடி ஏறிப் போனேன். அந்த அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு. கதவைத் திறந்தால் ஆளில்லை. ஆனால் தலையணை நடுவில் குழி. கீழே வந்து பதிவேட்டைப் புரட்டினேன். எத்தனையோ வெற்றுப் பக்கங்களுக்குப் பிறகு ஒரே ஒரு வரி: ‘அறை 41. ஆள்: 1.’ பெயர் இல்லை.

நீ செய்த குறும்பா? ஆம் என்று எழுது. திட்டமாட்டேன்.

உன் அன்புத் தங்கை,
எலி


ஜூன் 13

அருமை எலிக்கு,

நான் லிப்ட் மெக்கானிக், மாந்திரீகன் இல்லை. கார்டு என்னிடம் இருந்தபோது பதிவேடு துடைத்த பலகையாகத்தான் இருந்தது. இத்தனை வருடமாக அந்த விடுதியின் லிப்டில் தொங்கும் ‘பழுது’ அட்டையையே என்னால் கழற்ற முடியவில்லை. விருந்தாளியை எங்கிருந்து கொண்டுவருவேன்?

உண்மையைச் சொன்னால் பொறாமையாக இருக்கிறது. இந்த டிஸ்க்கைக் கடையில் கூடைக்குள்ளிருந்து பொறுக்கியபோது கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, இதை வாங்கினவன் எல்லாம் மறுநாளே திருப்பிக் குடுத்துட்டுப் போறான். உனக்கு என்ன தலையெழுத்து?" பத்திரிகையில் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டார்கள், அதுவும் அட்டைப் படத்துக்காம். உலகத்தில் இதை நேசிக்கிற ஜீவன்கள் நாம் இரண்டு பேர்தான் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. அப்படியிருக்க, வந்த விருந்தாளி உன் முறையிலா வர வேண்டும்!

உனக்குப் பயமாக இருந்தால் இடுப்பில் பொதுச் சாவி இருக்கிறதே, வெளியே பூட்டிவிடு. பேயாக இருந்தால் கதவு அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆளாக இருந்தால் கத்தி ஓய்ந்துவிடும்.

பாப்பா பேசுவாள். நீயே மூன்று வயதுவரை ‘ஊ’ என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். இப்போது மாப்பிள்ளையைக் கேட்டால் தெரியும்.

உன்,
அண்ணன்

பி.கு. சாக்ஸ் துவைத்ததுதான். அது துணியின் இயற்கை வாசனை.


ஜூன் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

பூட்டிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. அதுவரை மணி தினமும் அடித்தது, நானும் ஒவ்வொரு தடவையும் மாடி ஏறிப் போய்ப் பார்த்தேன்.

பூட்டிய உடனே கைப்பிடி அசைய ஆரம்பித்தது. உள்ளேயிருந்து யாரோ மெதுவாகத் திருகிப் பார்ப்பதுபோல, மேலே, கீழே, மேலே. பிறகு மணி. நான் கீழ்த்தளத்துக்கு ஓடிவந்துவிட்டேன். முப்பது தடவை அடிக்கும்வரை எண்ணினேன், அப்புறம் டிவியின் சத்தத்தை அடைத்தேன். சத்தம் நின்றாலும் பலகையில் விளக்கு அணைந்து அணைந்து எரிந்துகொண்டே இருந்தது. வீட்டு ஜன்னல் வழியாக நல்ல வெயில், தெருவில் பழைய பேப்பர்காரர் கத்திக்கொண்டு போகிறார், நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கென்று பாப்பாவும் என்னைப் படுத்தி எடுத்துவிட்டாள். கன்ட்ரோலரை என் மடியில் கொண்டுவந்து கொட்டுகிறாள், திரும்ப எடுத்து அமுக்குகிறாள், மறுபடியும் கொட்டுகிறாள். "சும்மா இருடி, அம்மா பயந்து போயிருக்கேன்" என்று அதட்டினேன். என் முழங்கையில் கடித்தாள் பார், பல் பதிந்துவிட்டது. அப்புறம் அழுதாள். வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல்.

நான்கு நாள் இப்படி. ஐந்தாம் நாள் மணி நின்றது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் அன்றிலிருந்து பாப்பா சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளைதானே அவள்? இப்போது திரும்புவதில்லை. ஊட்டினால் விழுங்குகிறாள், அவ்வளவுதான். இன்னொரு டாக்டரிடம் போனோம். "வீட்ல ஏதாவது மாற்றமா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என்ன சொல்வது? நான் ஒரு மணி நேரம் இல்லாத அறைகளைப் பெருக்குகிறேன், அதில் ஒன்றைப் பூட்டினேன் என்றா?

கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் முறை வர இன்னும் பத்து நாள் இருக்கிறது, பரவாயில்லை. என் பிள்ளை என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும். அதுவரை எனக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

உன்,
எலி


ஜூலை 9

எலி,

இதை உட்கார்ந்து படி.

கார்டைப் போட்டு மூன்று நாள் பார்த்தேன். இங்கே மணி அடிக்கவில்லை, கைப்பிடி அசையவில்லை. செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. எங்கள் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு: மணி அடித்தால் யாரோ பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். நடுராத்திரி ஆளில்லாத கட்டடத்தில் அடித்தாலும் சரி, போய்ப் பார்த்தால் ஒரு பொத்தானும் ஒரு விரலும் இருக்கும். உன் வீட்டில் அடிக்கிறது, என் வீட்டில் அடிக்கவில்லை என்றால், உன் வீட்டில் ஒரு விரல் அதிகம்.

உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். உடனே கடைக்குப் போய் இன்னொரு கன்ட்ரோலர் வாங்கி வந்து, இரண்டாவது துளையில் மாட்டி அமுக்கினேன்.

நாற்பத்தொன்று எரிந்தது.

ஒரு பொத்தானுக்கு மணி. இன்னொன்றுக்குக் கைப்பிடி. மற்றொன்றுக்குத் தலையணைக் குழி. அட்டையிலும் எழுதவில்லை, கையேட்டிலும் எழுதவில்லை. ஆடினவர்கள் மறுநாளே திருப்பிக் கொடுத்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? நம்மிடம் எப்போதும் ஒரே கன்ட்ரோலர். அதற்காகத்தானே சண்டை போட்டு மண்டையை உடைத்துக்கொண்டோம்.

எலி, நீ பாப்பா கையில் கொடுத்தது செத்த பொம்மை இல்லை. அவள் பேசவில்லை என்று நீ அழுதுகொண்டிருந்தாய். அவள் உன்னை மணி அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நீ ஒவ்வொரு தடவையும் மாடி ஏறி வந்தாய். அதனால் மறுபடி கூப்பிட்டாள். பிறகு நாம் அவளைப் பூட்டிவிட்டோம். பூட்டச் சொன்னவன் நான்.

கார்டை அனுப்பியிருக்கிறேன். கதவை நான் திறக்கவில்லை. அவள் பார்க்க, நீதான் திறக்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பதிவேட்டில் ‘ஆள்: 1’ என்று எழுதியிருந்தாய். இங்கே முதல் நாள் திறந்தபோதே ‘ஆள்: 2’ என்று இருந்தது. நான் இரண்டாவது கன்ட்ரோலர் வாங்குவதற்கு முன்பே. ஆட்டத்தில் ஏதோ கோளாறாக இருக்கும். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறையைத் தடவிப் பார்த்திருப்பாய். கார்டு இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதத்தைச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். முடித்ததும் மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்து, பெட்டியைப் போட்டு, அவள் பார்க்க மாடி ஏறி, பூட்டைத் திறந்தேன். "அம்மாவுக்குத் தெரியலடா. அம்மா முட்டாள். இனிமே பூட்டமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே திறந்தேன். கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தால் கீழே வைத்துவிட்டாள். மறுநாளும் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் நான் அதைக் கழற்றி, வயரைச் சுற்றி, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

அதற்குப் பிறகும் தினமும் அதே நேரத்துக்கு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் மட்டும் ஆடினேன். நாற்பதாம் அறை, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஒன்றையும் விடவில்லை. நான் வருகிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலை இருபத்தாறு. புது விரிப்பை எடுத்துக்கொண்டு நாற்பத்தொன்றின் கதவைத் திறக்கப் போனேன். என் கையின் மேல் ஒரு சின்னக் கை வந்து விழுந்தது.

"மெதுவா மா. அவங்க இப்பதான் தூங்கினாங்க."

அண்ணா, குரல் எப்படி இருந்தது என்று கேட்காதே. எத்தனையோ நாளாகப் பேசிப் பழகிய குரல்போல இருந்தது. ஒரு திக்கல் இல்லை, ஒரு மழலை இல்லை. எனக்கு அழத் தோன்றவில்லை, கத்தத் தோன்றவில்லை. நானும் அதேபோல மெதுவாகக் கேட்டேன்.

"யாரு செல்லம்?"

"நீ பூட்டினப்ப என்கூட இருந்தாங்களே, அவங்க."

அன்று மாலை அவர் வந்ததும், "பாப்பா அம்மான்னு கூப்பிட்டா" என்று மட்டும் சொன்னேன். அவளைத் தலைக்கு மேலே தூக்கி வீடெல்லாம் சுற்றினார். மேல்வீட்டுக்காரர்கள் தரையைத் தட்டினார்கள். டாக்டர் ஒரேயடியாகச் சிரிக்கிறார்: "நான்தான் சொன்னேனே, சில பிள்ளைங்க மூட்டை கட்டி வச்சிருந்து மொத்தமா அவிழ்க்கும்." இப்போது வாய் ஓய்வதில்லை. மேசைக்கு அடியில் போவதில்லை. பூங்காக்காரியையே பாப்பா எதிர்க்கேள்வி கேட்டுத் திணறடித்துவிட்டாள். ஒரு தாய் வேறென்ன கேட்பாள்? முதல் வார்த்தை எது என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் கேட்காமல் போவதில்லை. ஆட்டத்தில் கதவைத் தட்டுவதற்குப் பொத்தான் கிடையாது அல்லவா, வாயால் கேட்கிறேன். "வரலாமா?" பாப்பா கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "வெளியவே இருக்கச் சொல்றாங்க" என்பாள். நானும் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். கேட்டால் சிரிப்பாய். எனக்கு அந்த யாரோ மேல் பயம் ஒரு பங்கு என்றால், நன்றி இரண்டு பங்கு. என் பிள்ளை பூட்டிய அறைக்குள் மணி அடித்து அடித்து ஓய்ந்தபோது அவளோடு இருந்தது நான் இல்லை.

நேற்று, "வரச் சொல்றாங்க" என்றாள்.

போனேன். ஜன்னல் திறந்திருந்தது. நான் திறக்கவில்லை. கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது, நான்கு மூலையும் இழுத்துச் செருகி, ஒரு சுருக்கம் இல்லாமல். தலையணையில் குழி இல்லை. பதினாறு வருடமாக அந்த விடுதியில் நீயும் நானும் செய்யாமல் எந்த வேலையும் நடந்ததில்லை. முதல் தடவையாக எனக்காக வேறு யாரோ செய்து வைத்திருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் முதுகு, கால், கண் எல்லாம் எவ்வளவு களைத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

பாப்பா என் தலைமுடியைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "உனக்குத்தான் மா. அவங்க எழுந்துட்டாங்க. இனிமே அவங்க பாத்துக்கறாங்களாம். நீ படுத்துக்கோ."

நான் பெட்டியை அணைக்கவில்லை. டிவியை மட்டும் அணைத்தேன். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கார்டை உருவினால் பிள்ளையின் குரலும் போய்விடுமோ என்று ஒரு பயம். அதனால்தான் இனி அது உனக்கு வராது. என்னை மன்னித்துவிடு. நம் இருவருக்கும் சொந்தமாக இருந்ததை நான் ஒருத்தியாகப் பறித்துக்கொண்டேன் என்று தெரியும்.

உன்னை எனக்குத் தெரியும். உன்னிடம் டிஸ்க் இருக்கிறது, இரண்டு கன்ட்ரோலர் இருக்கிறது. புது கார்டு ஒன்றைப் போட்டு, முதலிலிருந்து ஆடி, நாற்பத்தொன்றாம் அறைக்குப் போய், அந்தக் கட்டிலில் படுப்பதற்கு எந்தப் பொத்தான் என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பாய்.

பார்க்காதே, அண்ணா. கண்டுபிடித்தாலும் எனக்கு எழுதாதே. எழுதினால் நான் படுத்துவிடுவேன்.

உன் அன்புத் தங்கை,
எலி