ஒரு படகு மட்டும் வேண்டி ஓரிக்கழியிலிருந்து

அவிழ்த்தோம், திருடவில்லை. தங்கள் சென்ற ஓலையில் இருந்த திருட்டு என்ற அந்த ஒரு சொல்லை முதலில் திருப்பி அனுப்பிவிட்டு, அதன் பின்னரே வணக்கம் சொல்லத் துணிகிறேன். பொறுத்தருள்க.

அலை அடங்கிய ஓரிக்கழியின் காவலும் அதன் உப்பளங்களின் உரிமையும் பூண்ட சிற்றரசி நீலவல்லி, ஏழு வாயில் கொண்ட பொன்மாட நகரில் வீற்றிருந்து, மாமன்னர் காணாத இடத்தையும் அவர் பொருட்டுக் காணும் பேரமைச்சர் அருங்கோவேளார் திருமுன் விடுக்கும் ஓலை. மாமன்னர் குடைநிழல் நீள்க. மாநகரின் கிணறுகள் இனிக்க. தங்கள் அடுக்களையில் எங்கள் உப்பு ஒருநாளும் தீராதிருக்க.

இங்கே யாவரும் நலம். மழை வேண்டிய திங்களில் வந்தது. வேண்டாத திங்களில் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. உப்பு நன்றாக விளைந்தது. குடிகளுக்கு உணவில் குறையில்லை, உறக்கத்தில் குறையில்லை. இருப்பது ஒரே குறை, அதுவும் ஒரு பாதிக் கதையால் வந்த குறை. அதையே இங்கு விண்ணப்பிக்கிறேன்.

தங்கள் ஆணைக்கு உட்பட்ட அரங்கச் சாத்து, கூத்தரையும் கதைசொல்லிகளையும் நாற்பது படகுகளில் ஏற்றி, ஒரே வடத்தில் கோத்து, ஆண்டுதோறும் ஊர் ஊராக அனுப்புவது நாடறிந்த வழக்கம். வடத்தின் முனையைப் பற்றும் ஊர் நாற்பது படகையும் கரையேற்றி, பருவம் முடியும்வரை அனைவருக்கும் சோறிட வேண்டும் என்பது சாத்தின் விதி. சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு நாங்கள் அவ்வாறே பற்றினோம். மற்போர் செய்வோர் வந்தனர். ஒருவர் பேச்சை மற்றவர் கேளாமல் பொழுதெல்லாம் கத்தும் வழக்காடிகள் வந்தனர். விரலில் அணிந்தால் விதி மாறும் என்று கல் விற்போர் வந்தனர். மாமியாரும் மருமகளுமாய் அழுது, மறுநாள் விட்ட இடத்திலிருந்து மீண்டும் அழும் நாடகத்தார் வந்தனர். வாயூறச் சமைத்துக் காட்டிவிட்டுத் தாமே உண்டு போகும் அடிசில் வல்லாரும் வந்தனர். குறை கூறவில்லை, அவரவர் தொழில் அவரவர்க்கு. ஆயினும் எங்கள் குடிகள் விரும்பி அமர்ந்தது தேமொழி என்னும் கதைசொல்லியின் முன்னே மட்டும்தான்.

அவள் கடல் கடந்த நாடுகளின் கதைகளை நம் மொழியில் சொல்பவள். பனி பெய்யும் ஒரு கரையில், கலங்கரை விளக்கம் காக்கும் பெண்ணொருத்தியின் கதையை எங்களுக்குத் தொடங்கினாள். பனியையே கண்டறியாத எங்கள் மக்கள், அது உப்பைப்போல் வெண்மையானது, ஆனால் கரிக்காது என்று அவள் சொன்னதும் தலையசைத்து ஏற்றுக்கொண்டனர். கடல் சென்ற கணவன் திரும்பாமல் ஆண்டுகள் ஓடிய பின், ஒரு புயல் நாளில் அப்பெண்ணின் கதவை யாரோ தட்டுகிறார்கள். அவள் தாழில் கை வைக்கிறாள். அந்த இடத்தில் எங்கள் களஞ்சியம் தீர்ந்தது. சோறு நின்றால் வடம் நகரும் என்ற விதிப்படி நாற்பது படகும் போயின. தேமொழி படகிலிருந்து எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கதவு மூடியபடியே இருந்தது.

சென்ற ஆண்டு, ஒரு படகு மட்டும் போதும், அதற்கு மூன்று படகின் உணவைத் தருகிறோம் என்று சாத்தின் தலைவரிடம் வேண்டினோம். எல்லாம் வேண்டுமெனில் உண்டு, ஒன்று மட்டும் வேண்டுமெனில் இல்லை என்றார் அவர். எங்கள் ஓடக்காரர்கள் கூடி யோசித்தனர். உப்பளத்தில் முதல் வாரல் சேற்றோடு வரும், கடைசி வாரலே பால்போல் வரும். ஆகவே நல்லதைக் கடைசியில்தான் வைத்திருப்பார்கள் என்று முடிவு செய்து, வடத்தின் கடைசிப் படகை அவிழ்த்து வந்துவிட்டனர். விரும்பப்படுவதை முன்னே நிறுத்தி மற்றவற்றைப் பின்னே இழுத்து வருவது சாத்தின் வழக்கம் என்பது உப்பு வாருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் படகில் இருந்தவர்கள் பறவைக்குரல் எழுப்பும் ஒரு கணவனும் மனைவியும். தங்களை ஓர் ஊர் தேடி வந்து அவிழ்த்தது இதுவே முதல்முறை என்று அவர்கள் மகிழ்ந்து அழுதபோது, ஆள் மாறிவிட்டது என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. முதல் நாள் முகம் சுளித்தே கேட்டோம். மறுநாள் அவர்கள் உப்பளத்து வரப்பில் நின்று கூவ, கழிக்கு அப்பாலிருந்து நாரைகள் விடை கூவின. அதன்பின் ஊரில் யாரும் வேலைக்குப் பிந்தவில்லை. காலைதோறும் அனைவரும் வரப்பில் இருந்தனர்.

ஒவ்வோர் ஊரும் தனக்குப் பிடித்ததை மட்டும் பற்றினால் யாரும் பெயர் சொல்லிக் கேட்காத படகுகள் என்ன ஆகும் என்று தாங்கள் வினவியிருந்தீர்கள். அதை நாரைகளின் நடுவே நின்று எண்ணிப் பார்த்தேன். தங்கள் வினா நேரியது. ஆதலால் இவ்வாறு வேண்டுகிறேன்: ஓர் ஊர் தான் விரும்பும் ஒரு படகைப் பற்றட்டும்; அதனோடு சாத்து தேர்ந்து தரும் ஒரு படகையும் மறுக்காமல் ஏற்கட்டும். இரண்டிற்கும் எங்களால் நிறைவாகச் சோறிட முடியும். நாற்பதிற்கு இட்டால் கதை பாதியில் நிற்கும்.

இதில் என் விருப்பம் சிறிது. வெண்கொடியின் விருப்பமே பெரிது. அவள் எங்கள் அளத்தில் உப்பு வாருபவள். கணவன் கடலேறிப் போய்த் திரும்பவில்லை, எங்கள் ஊர் வழக்கம் விதித்த காத்திருப்பும் கடந்துவிட்டது. அளத்து மேலாள் கொற்றன் நல்லவன். அவளை மணக்கக் கேட்டிருக்கிறான். விளக்கத்துப் பெண் கதவைத் திறந்தாளா என்று கேட்ட பிறகே விடை சொல்வேன் என்கிறாள் வெண்கொடி. கதைதானே பெண்ணே என்றேன். தங்களுக்குக் கதை தாயே, எனக்குக் கதவு என்றாள். என் மனம் எனக்குத் தெரியும், அந்த விளக்கத்துப் பெண்ணின் மனமும் அப்படியா என்று பார்க்கவே காத்திருக்கிறேன் என்றும் சொன்னாள். கொற்றனோ கழிமுகத்தில் நின்று, வரும் ஓடங்களையெல்லாம் நிறுத்திச் சாத்தின் செய்தி கேட்கிறான். என்ன கொற்றா, கதவு திறந்ததா என்று உப்பு வாரும் பெண்கள் நாள்தோறும் அவனைச் சீண்டுகிறார்கள். அவனும் சிரிக்கிறான், சிரித்துவிட்டு மறுபடி கழியைப் பார்க்கிறான்.

எங்கள் பிழைக்கு ஈடாக, பறவைக்குரலார் படகைப் புதுப்பாய் கட்டி இவ்வோலையுடன் அனுப்பியிருக்கிறோம். அடுத்த பருவத்தில் சாத்து தேர்ந்து தரும் படகு அவர்களுடையதாகவே இருப்பின் ஊர் மகிழும். இனி எவரும் வடத்தில் கை வைக்கலாகாது என்றும், கழிமுகத்தை இரு படகுக்குத் திறந்தே வைக்க வேண்டும் என்றும் என் குடிகளுக்கு ஆணையிட்டேன். சங்கும் உப்புக்குவையும் பொறித்த இலச்சினை இட்டு, ஈரம் படாமல் மெழுகு பூசி, ஓரிக்கழிக் கோட்டையில் முற்பகலில் எழுதி முடித்தது. தங்கள் சொல் எங்களுக்குக் கரை ஆகுக.

இலச்சினைக்குக் கீழே ஒரு சொல். விதியை மாற்ற மன்றம் கூட வேண்டும், மன்றம் கூடப் பருவம் ஆகும் என்பதை அறிவேன். அதுவரை, தேமொழி மாநகரில்தான் இருக்கிறாள் என்று கேள்வி. இவ்வோலையைக் கொணர்ந்தவன் கொற்றன்தான். தங்கள் வாயிலில் நிற்கிறான், தன் பெயரைச் சொல்ல மாட்டான். விளக்கத்துப் பெண் கதவைத் திறந்தாளா இல்லையா என்பதை மட்டும் தேமொழியிடம் கேட்டு, ஒரு சிறு ஓலை நறுக்கில் எழுதி, அவன் படிக்க முடியாதபடி முத்திரையிட்டு, அவன் கையிலேயே கொடுத்தனுப்புவீர்களா?