பிரேக்குக்கு ஊற்றிய எண்ணெய்

நெய்வேலி
7.3.1965

அன்புள்ள மகன் கிறிஸ்துதாசுக்கு அம்மா மார்த்தாள் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே எல்லாருக்கும் உடம்பு நலம், மனசுதான் ஒரு மாதமாகச் சரியில்லை. பிலாயில் குளிர் விட்டிருக்கும், கம்பளியை மடிப்பதற்கு முன் வெயிலில் போடு. அப்பா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று மூன்று கடிதத்திலும் கேட்டுவிட்டாய். இனி மறைக்க மாட்டேன்.

உன் தங்கை சகாயத்தின் பிரசவ அவசரத்துக்கு உதவும் என்று குறிஞ்சிப்பாடி லுங்கி வியாபாரி சக்கரபாணியிடம் பழைய கார் வாங்கினோம் அல்லவா. கண் மங்கியதால் மனசில்லாமல் விற்றார் அந்த மனிதர். ஒரு டப்பாவையும் கொடுத்து, பிரேக்குக்கு இதத் தவிர வேற எண்ணெய் ஊத்தாதீங்க என்று இரண்டு தடவை சொன்னார், நான் பக்கத்தில்தான் நின்றேன். டப்பா தீர்ந்ததும் உன் அப்பா சுரங்க மிஷினுக்கு ஊற்றும் எண்ணெயை ஒர்க்‌ஷாப்பிலிருந்து மருந்து பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றினார். வேண்டாமே என்றேன். அம்மாம் பெரிய மிஷினுக்கே இதுதான், இந்தத் தகரத்துக்கு ஆகாதா என்று சிரித்தார். ஃபிட்டர் வேலை பார்க்கிறவர் சொன்னால் சரியாயிருக்கும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன், அது என் தப்பு.

போன மாதம் சந்தை நாளன்று சகாயத்தைக் கடலூரில் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுத் திரும்பினோம். சந்தை கூடும் குள்ளஞ்சாவடி முனையில் மாட்டுவண்டி குறுக்கே வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார், அது அடிவரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது, கார் நிற்கவில்லை. ஏழு மாத வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உன் தங்கை ஏசுவே என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. கைப்பிரேக்கை இழுத்து, ஓரமாக ஒடித்து, மல்லாட்டைக் கடலை மூட்டைகள் மேல் கொண்டுபோய் மோதி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை, பிள்ளையும் நலம் என்று மறுநாளே டாக்டரம்மா சொல்லிவிட்டார், நீ பதறாதே. ஆனால் அப்பா அதோடு விட்டாரா. சந்தையில் கடை விரித்திருந்த சக்கரபாணி என்ன ஆச்சோ என்று ஓடிவந்தார். அத்தனை ஜனத்துக்கு நடுவே அப்பா அவர் சட்டையைப் பிடித்து, தெரிஞ்சே என் பொண்ணச் சாவடிக்க வித்தியாடா என்று கேட்டார். தன்னைவிட மூத்தவரைப் போய் டா என்றார். வண்டி நல்லாத்தான் இருந்துச்சிங்க என்பதைத் தவிர அந்த மனிதர் வேறு வார்த்தை பேசவில்லை.

வடலூர் மெக்கானிக் சிங்காரவேல் கழற்றி முகர்ந்து பார்த்து, இது யாருங்க ஊத்தினது, உள்ள ரப்பரெல்லாம் ஊறி இட்லி கணக்கா உப்பிக்கினு இருக்குதே, பிரேக் எப்பிடிப் புடிக்கும் என்றான். அப்பா சுவரைப் பார்த்தார். ஃபிட்டரே இப்படிச் செய்தான் என்று தெரிந்தால் ஷிஃப்டில் எவன் மதிப்பான் என்று அவருக்குக் கவலை. அங்கே சக்கரபாணியை ஓட்டை வண்டி வித்தவரு என்று சந்தையே சொல்லி, அவரிடம் துணி எடுக்க ஆளில்லை, இரண்டு வாரமாக அவர் கடையே விரிக்கவில்லை என்று பால்கார அம்சவல்லி வந்து சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடமே போய்ச் சொல்லுங்கள் என்றால் உன் அப்பா, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டேன், போதாதா என்கிறார். சாமியாரா சந்தையில் லுங்கி விற்கிறார் என்று கேட்டேன். நீங்கள் போகாவிட்டால் நான் பஸ் ஏறிப் போவேன் என்றேன்.

நேற்று சந்தை. ரப்பரெல்லாம் புதிதாகப் போட்ட காரில் இரண்டு பேரும் குறிஞ்சிப்பாடி போனோம். சக்கரபாணியின் சம்சாரம் மாணிக்கம்மாள் வாசலில் நின்றுகொண்டு வாங்க என்று சொல்லவில்லை. அப்பா தலைகுனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த சக்கரபாணி, என்னைத் திட்டினது இங்க இல்லீங்களே என்றார். பிறகு லுங்கி மூட்டையைத் தூக்கிக் காரில் போட்டு, முன்சீட்டில் அவரே ஏறி உட்கார்ந்தார். குள்ளஞ்சாவடி முனை வந்ததும் அப்பா பிரேக்கை மிதித்தார். பிரேக் பிடித்தது, அதே மல்லாட்டை மூட்டைகளுக்கு எதிரே கார் நின்றது. அப்பா இறங்கி, வண்டியில கோளாறு இல்ல, என் கையிலதான் கோளாறு என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சொல்லி முடியும்வரை சக்கரபாணி காரைவிட்டு இறங்கவில்லை. அப்புறம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடை விரித்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

வேளைக்குச் சாப்பிடு. சகாயத்துக்குத் தனியாக இரண்டு வரி போடு, மறக்காதே. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இந்தக் கடிதத்தை ஒட்டாமல் மேசைமேல் வைக்கப்போகிறேன், உன் அப்பா படிக்கட்டும். கீழே எழுதினால் எழுதட்டும், இல்லாவிட்டால் நாளைக்கு அப்படியே தபாலில் போடுவேன்.

உன் அம்மா,
மார்த்தாள்

மகனுக்கு அப்பா தைரியநாதன். படித்தேன். அம்மா எழுதியதெல்லாம் சரி, ஒன்று மட்டும் குறைத்து எழுதியிருக்கிறாள். அவரை டா என்றது ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.