கொடிக்கயிற்றுச் சண்டை

விஸ்வநத்தம்

அன்பு மகன் ஜோபினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கர்த்தருடைய கிருபைக்குள் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் அந்தக் கிருபைக்கு வெளியே நின்றுகொண்டு அடம் பிடிக்கிறது. நீயும் அங்கே ஜெர்மனியில் சுகமாக இருக்கிறாய் என்றும், வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்றும் நம்புகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் ஒரு பக்கம் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மறுபக்கம் சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சொர்ணலட்சுமி நிற்கிறாள். உன் சிநேகிதன் பிரபாகரன் அடுத்த வாரம் அங்கே திரும்புகிறானாம், பருப்புப்பொடி டப்பாவோடு இதையும் அவன் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன்.

அப்பா உன்னிடம் என்னைப் பற்றி முறையிட்டது எனக்குத் தெரியும். தீப்பட்டுப் பிழைத்து வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் உன் அம்மா தினமும் சண்டை போடுகிறாள், சேகரக் கமிட்டிச் செயலாளர் யோபு வாத்தியார் வீட்டில் இப்படி நடந்தால் நான் சபையில் எப்படித் தலை நிமிர்வேன் என்று கேட்டாராம். நீயும் போனில், அம்மா இது உங்களுக்கே நல்லாருக்கா என்றாய். நன்றாகத்தான் இருந்தது. நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்.

தை மாதம் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்தபோது சொர்ணலட்சுமி அடுத்த அறையில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். வலது கையும் முகத்தின் வலது பக்கமும் வெந்துபோய் மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தாள், உயிரோடு திரும்பினாள். திரும்பி வந்தவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. எந்நேரமும் தலையைச் சுற்றி ஒரு துண்டு, சுவரைப் பார்த்துப் படுக்கை. எனக்கு முகம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை, கைதான் கவலை. வெந்த கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் தோல் இறுகி விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும், அப்புறம் ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. இத்தனை வருஷம் நர்ஸாக வார்டில் நின்றவளுக்கு இது தெரியாதா. அமுக்கிப் பழகு என்று டாக்டர் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

நம் சபையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஐக்கிய சங்கத்துப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள், ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், போட்டி போட்டு அழுகை. போதகர் வந்து உருக்கமாக ஜெபித்தார், ஆனால் வாசலில் நுழைந்ததிலிருந்து கிளம்பும்வரை கண்ணைத் திறந்தாரா என்பது எனக்குச் சந்தேகம். நானும் சளைத்தவளில்லை. ரசஞ்சாதம் கொண்டுபோனேன், குரலைத் தாழ்த்திக் குழைந்து பேசினேன், அதையெல்லாம் தாண்டி ஒரு பெரிய தியாகமும் செய்தேன். நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் துணி காயப்போடும் கொடி உனக்கு நினைவிருக்கும். கயிறு கட்டிய வேப்பமரம் அவளுடையது, மறுமுனையில் இருக்கிற ஆணி நம்முடையது, கயிறு யாருடையது என்று நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து வழக்கு. காலை வெயில் நமக்கு, சாயங்கால வெயில் அவளுக்கு என்று ஒரு சமாதானம் இருந்தும், ஒரு பாவாடை நேரம் தப்பித் தொங்கினால் போதும், தெருவே வேடிக்கை பார்க்கும். திட்டும்போதுகூட என்னை ‘நீங்க’ போட்டுத்தான் திட்டுவாள், அதில் அவளுக்கு ஒரு மரியாதை. அந்தக் கொடியை முழுசாக அவளுக்கே கொடுத்துவிட்டேன். இனிமேல் ரெண்டு வெயிலும் உனக்குத்தான் சொர்ணம் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் அவள் வீட்டுக்காரர் மாரிசாமி லோடு ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு நம் வாசலில் வந்து நின்றார். என்ன சொன்னீக என்று கேட்டார். ராத்திரி பூராவும் அவள் அழுதாளாம். நர்ஸம்மாவே கயித்த விட்டுக்குடுத்துட்டாக, அப்ப நான் தேற மாட்டேன்னு அவுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு என்று சொல்லிச் சொல்லி அழுதாளாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, என் மேலேயே கோபமும் வந்தது. இயேசு சுவாமி கண் தெரியாதவனைப் பார்த்ததும் உடனே கையை நீட்டவில்லை, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டார். நாங்கள் யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஹார்லிக்ஸ் பிடிக்குமா என்றுகூடக் கேட்கவில்லை, அவளுக்கு அது பிடிக்காதாம், பாட்டில் எல்லாவற்றையும் மாரிசாமிதான் குடித்துத் தீர்த்தார். அன்றைக்குக் காலை ஜெபத்தில், ஆண்டவரே என் வாய்க்குப் பழைய பெலனைத் தாரும் என்று கேட்டேன். ஆமென் சொன்ன அப்பாவுக்கு எதற்குச் சொல்கிறோம் என்று தெரியாது.

அன்று சாயங்காலம், அவளுடைய நேரத்தில், அப்பாவின் வேட்டிகளையும் இரட்டைக் கட்டில் விரிப்பையும் பிழியாமல் கொண்டுபோய், அவள் வாசலிலேயே தண்ணீர் சொட்டுகிற மாதிரி கொடியில் போட்டேன். உள்ளே சத்தமே இல்லை. மறுநாளும் போட்டேன், சமுக்காளத்தையும் சேர்த்து. துண்டு சுற்றிய தலை சன்னலில் ஒரு தடவை தெரிந்து மறைந்தது. அதற்கடுத்த நாள் கதவு திறந்தது. தலையில் துண்டு இல்லை. கோபத்தில் அதை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். தெருவில் நடந்துபோன ரெண்டு பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் அவர்களைக் கவனிக்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“இது யாரு நேரம் நர்ஸம்மா?”

“சும்மா கெடக்குற கயிறு. யாரு போட்டா என்ன?”

“நான் இன்னும் சாகல. சாயங்கால வெயிலு எனக்குத்தான்.”

சொல்லிக்கொண்டே இடது கையால் கிளிப்பை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. நான் வேண்டுமென்றே பெட்டியில் இருந்த இறுக்கமான கிளிப்புகளாகப் பொறுக்கிப் போட்டிருந்தேன். அப்புறம் வலது கையைத் தூக்கினாள். ஜோபின், அந்த விரல்கள் அந்தக் கிளிப்பைப் பிடித்து அமுக்குகிற வரை நான் மூச்சே விடவில்லை. வலியில் அவள் உதடு கோணிக்கொண்டது. ஓடிப்போய் உதவச் சொல்லி என் கை பரபரத்தது, முந்தானையில் சுற்றி அடக்கிக்கொண்டேன். வாயை மட்டும் விட்டேன், வேட்டி கிழிந்தால் புதுசு எடுத்துத் தர வேண்டும் என்று. அதற்கு அவள் சொன்ன பதிலை ஒரு வேதக்கார அம்மா மகனுக்கு எழுத முடியாது. கடைசி வேட்டியையும் உருவித் தரையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அன்றிலிருந்து தினமும் இந்தக் கூத்துதான். நான் போடுவேன், அவள் எடுப்பாள். பிழியாத துவாலையை அவளே ஆத்திரத்தோடு பிழிந்து என் வாசல் திண்டில் வீசுவாள், அது ரப்பர் பந்தைவிட நல்ல வைத்தியம். ஆனி போய் ஆடி வருவதற்குள் சுண்டுவிரல் தவிர மற்றதெல்லாம் நன்றாக மடங்கி நிமிர்ந்தன. தெருவுக்கு இந்தக் கணக்கு தெரியுமா. வாத்தியார் பெண்டாட்டிக்கு ஈவு இரக்கமே இல்லை என்று பேசினார்கள், அப்பா போய்ப் போதகரைக் கூட்டி வந்துவிட்டார்.

போதகர் நாற்காலியில் உட்கார்ந்து, அயலானை நேசிப்பதைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை. வெளியே கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த சொர்ணலட்சுமிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. கிளிப்புகளைக் கையில் வைத்தபடியே விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டாள். தீப்பட்ட பிறகு அடுத்தவர் வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

“ஐயா, இவுகள ஒண்ணும் சொல்லாதீக. நீங்க எல்லாரும் என் மூஞ்சியப் பாத்து அழுதீக. இவுக ஒருத்திதான் என்னையப் பாத்து வஞ்சாக.”

அப்பா முழங்காலைத் தடவினார். போதகர் அவளை நிமிர்ந்து பார்த்தார், இந்தத் தடவை கண்ணைத் திறந்துதான் பார்த்தார். நல்ல மனிதர், தான் எங்கே தவறினோம் என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஞாயிறுதோறும் ஆராதனையில் பாதிக்கப்பட்ட சகோதரி என்றுதான் ஜெபித்து வந்தார். எழுந்து நின்று, உங்க பேர் என்னம்மா என்று கேட்டார். சொர்ணலட்சுமி என்றாள். அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் அப்பா தன் கையாலேயே காப்பி போட்டுக் கொண்டுவந்தார், எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த அதிசயம் நடந்ததில்லை. அவள் வலது கையை நீட்டித் தம்ளரை வாங்கினாள். காப்பியில் சீனி பத்தவில்லை என்று குறையும் சொன்னாள்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்வருகிறோம். சுண்டுவிரலுக்குச் சின்ன ஆபரேஷன் ஒன்று தேவைப்படும் என்கிறார்கள், அதற்கும் சம்மதித்துவிட்டாள். சில நாள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வதும் உண்டு, அன்றைக்கு நான் சண்டைக்குப் போவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். எதற்குச் சண்டை, எதற்குக் கீரை என்று பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

போன வாரம் ஆமத்தூரில் மாரிசாமியின் தங்கை மகள் ஓவியாவுக்குக் கல்யாணம். சொர்ணம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, துண்டு கிண்டு ஒன்றும் கிடையாது. மேடையில் பொண்ணு மாப்பிள்ளையோடு நின்றபோது போட்டோக்காரத் தம்பி, அத்தை கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பிக்கோங்க என்று சைகை காட்டினான். தீப்படாத கன்னம் விழட்டும் என்று நல்லதை நினைத்துத்தான் சொன்னான் பாவம். அவள் அசையவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு, “ரெண்டு பக்கமும் என் மூஞ்சிதாம்லே. எடு” என்றாள். கல்யாணப் பொண்ணுதான் முதலில் சிரித்தாள், அப்புறம் மண்டபமே சிரித்தது, அந்தச் சிரிப்போடு அந்தப் போட்டோ எடுத்தாகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது அவளிடம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்காதே. உன் தொப்பையைப் பற்றி ஏதாவது கேட்பாள், நீயும் பதிலுக்கு ஏதாவது கேள். மறக்காமல் இரவில் காதை மூடிக்கொண்டு தூங்கு, அங்கே குளிர் ஆரம்பித்துவிடும். நீ போகிற வழியெல்லாம் ஆண்டவர் கூட வரட்டும், எதிரே வருகிற ஆளை நின்று பார்க்கிற கண்ணை உனக்குத் தரட்டும்.

உன்னை முத்தமிடும் அம்மா
பியூலா யோபு