மூன்று மெழுகுவர்த்தி

ஜனவரி 6, சிதம்பரம்
சீனியர் அறிவுமதி அக்காவின் அறிவியல் ரெக்கார்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் தன் சீனியரைப் பார்த்து எழுதியது அது. எங்கள் ஆசிரியர் பயிற்சியில் இதுதான் வழக்கம். சோதனையை யாரும் செய்வதில்லை. தண்ணீர்த் தட்டில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். அணைந்ததும் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறும், அது ஆக்சிஜன் இருந்த இடம் என்று நோட்டில் இருக்கிறது. எனக்குத்தான் கொழுப்பு, செய்து பார்த்தேன். ஒன்று வைத்தால் கொஞ்சம் ஏறுகிறது. மூன்று வைத்தால் ரெண்டு மடங்கு. அதே டம்ளர், அதே காற்று. ஆக்சிஜன் எப்படிக் கூடும்?

ஜனவரி 7
அறிவியல் எடுக்கும் தட்சிணாமூர்த்தி சாரிடம் கேட்டேன். "இருவது வருஷமா எல்லாரும் இதத்தாம்மா எழுதறாங்க. நோட்ல இருக்கறத எழுது, கையெழுத்துப் போடறேன்." கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகல் தேர்வுக்கு விடமாட்டார்கள்.

ஜனவரி 8
மறுபடி செய்தேன். டம்ளரைக் கவிழ்க்கும்போதே ஓரத்தில் குமிழி குமிழியாக வெளியே போகிறது. அக்கா நோட்டில் குமிழியே இல்லை. நான் தப்பா, நோட்டு தப்பா? மண்டை காய்கிறது.

ஜனவரி 13, கடலூர்
பொங்கலுக்கு வீடு. அம்மா சொன்னாள்: "அவுங்க சொல்றத எழுதிட்டு மொதல்ல டீச்சராவு. அப்பறம் ஆராய்ச்சி பண்ணு." அதுவும் சரிதானே?

ஜனவரி 20, சிதம்பரம்
நோட்டில் இருந்ததையே எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து கிடைத்தது. வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 28
ஐந்தாம் வகுப்பில் என் பயிற்சிப் பாடம். பின்பெஞ்சில் சார், மார்க் ஷீட்டோடு. ஒரு மெழுகுவர்த்தி, ஐந்தில் ஒரு பங்கு என்று ஒப்பித்தேன். கிள்ளை கிராமத்திலிருந்து வரும் வித்யா எழுந்தாள். "மிஸ், மூணு வெச்சா?"

சாரைப் பார்த்தேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். என் பையில் இன்னும் ரெண்டு இருந்தது – ஏன் கொண்டு போனேன்? மூன்றையும் கொளுத்தி டம்ளரைக் கவிழ்த்தேன். தண்ணீர் முன்னைவிட மேலே ஏறியது. "ஏன் மிஸ்?"

"எனக்கும் தெரியலம்மா."

சொல்லியிருக்கக் கூடாதோ? போச்சு, இந்த வருஷமே போச்சு.

பிப்ரவரி 5
பார்டரில் பாஸ். சாரின் குறிப்பு: 'ஆசிரியர் தெரியாது எனச் சொல்லலாகாது.'

பிப்ரவரி 11
ஜூனியர் ஸ்ரீமதிக்கு என் ரெக்கார்ட் வேண்டுமாம், பார்த்து எழுத. அது சாரிடம் இருந்தது. அவளை வெளியே நிற்கவைத்துவிட்டு லேபுக்குள் போனேன். மேசையில் தட்டு, டம்ளர், மூன்று மெழுகுவர்த்தி. சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கதவ சாத்திட்டு வாம்மா. நான் கவுக்கறேன், நீ குமிழிய எண்ணு."

பதினொன்று. ஏன் இத்தனை குமிழி என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. ஸ்ரீமதி வாசலில் நிற்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்து அவளையும் உள்ளே கூப்பிட்டேன்.